அணியும் பணியும்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பகுதி. செங்கல் கோலோச்சிய அக்காலத்திற்குச் சிறந்த சான்று 1897-இல் முடிவுற்ற சுல்தான் அப்துல் சமது மாளிகை. சுவரைத் தாங்கும் செங்கலே அதன் முகமாகவும் விளங்குகின்றது. உடலும் தோலும் அங்கு ஒன்றே.

உயர்மாடிக் கட்டடங்களின் நிலை வேறு. சுமையைத் தூணும் விட்டமும் ஏற்கின்றன. புறத்தே தெரிவது போர்வை. அச்சில் முன்னரே வார்த்த கான்கிரீட் பலகைகளைத் தூக்கி, சட்டகத்தோடு உலோகத்தால் பிணைத்து, இடைவெளிகளை நெகிழும் பொருளால் அடைப்பர். இது வெறும் வேடமன்றோ எனப் பழிப்பாரும் உளர். அப்பழி எல்லாப் போர்வைக்கும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1963 நவம்பர் 21-இல் திறக்கப்பெற்ற நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்குக. பொதுப்பணித் துறையின் ஐவர் ஷிப்லி வரைந்தது அது. அதன் கோபுரத்தைச் சூழ்ந்துள்ள முன்வார்ப்புப் பலகைகள், நம் வீட்டுத் தரையில் 'மொசைக்' என வழங்கும் வேலையின் இனத்தவை. அன்னாசித் தோலை ஒத்த அவ்வடிவம் கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. வெயிலைத் தடுத்து, கூச்சத்தைத் தணித்து, வேண்டிய ஒளியை உள்ளே விடுகின்றது. ஆதலின் அதனை வேடம் எனல் தகாது.

செய்யுளிலும் இதுவே நெறி. பொருளை விளக்கும் உவமை அணியாகும், விளக்காதது சுமையாகும். கான்கிரீட்டில் பொய்க்கோடுகள் கீறிக் கருங்கல் அடுக்கு எனக் காட்டும் பலகைகள் இரண்டாம் வகையின. பழிப்பு அவற்றிற்கே உரியது.

எனினும் நல்ல அணிக்கும் காவல் வேண்டும். நம் நாட்டு மழையில் நீர் தங்கும் விளிம்பெல்லாம் பாசி படிந்து கறுக்கும். மேடுபள்ளம் மிகுந்த போர்வைக்கு இவ்விடர் மிகுதி. நீர் வடியும் வழியை வரைபடத்திலேயே எண்ணாதவர், சில ஆண்டுகளில் தம் கட்டடம் அழுக்கு முகத்தோடு நிற்கக் காண்பர்.

மாணவர் கட்டுரையில் ஓர் அடைமொழியைக் கண்டால், "இதை நீக்கினால் என்ன குறையும்?" என்று ஆசிரியர் கேட்பதுண்டு. கட்டடத்தின் போர்வையையும் அவ்வாறே கேட்போம். உள்ளிருப்போர்க்கு வெயிலும் மழையும் மிகுமாயின் அஃது அணி. ஒன்றும் குறையாதாயின் அது வீண்சுமையே.