விழுந்த உடலும் கூட்டத்தின் கண்ணும்

1

கால்பந்தாட்டத்தில் ஒருவன் கீழே விழுவதைப் போலச் சாதாரணமான விஷயம் வேறில்லை. விழுகிறார்கள், உருளுகிறார்கள், காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் பார்வையாளன் ஒரு வாசிப்பை நிகழ்த்தியாக வேண்டியிருக்கிறது: 'நெசமாவே அடிபட்டிருக்கா, இல்ல நடிக்கிறானா?' இந்தக் கேள்விக்கான பதில் விழுந்தவனின் காலில் இல்லை, அவன் போட்டிருக்கும் சட்டையின் நிறத்தில் இருக்கிறது. நம் ஆள் விழுந்தால் அடி, அவர்கள் ஆள் விழுந்தால் நடிப்பு. 2002 உலகக் கோப்பையில் துருக்கிக்கு எதிராக ரிவால்டோ, காலில் பட்ட பந்துக்கு முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்ததையும், 2018இல் நெய்மார் உருண்ட உருளல் உலகம் முழுக்கக் கேலிப்பொருளானதையும் பார்த்த கண்கள் நம்முடையவை. சந்தேகம் நமக்குப் பழகிப்போன வாசிப்பு முறை.

ஆக, மைதானத்தில் கிடக்கும் உடல் வெறும் உடலாக ஒருபோதும் நம்மிடம் வந்து சேர்வதில்லை. அது ஒரு பிரதி. அணி, தேசம், நிறம், பணம் ஆகிய எல்லாவற்றாலும் முன்கூட்டியே எழுதப்பட்ட பிரதி. ஆட்ட விதிகளும் இதற்கு விலக்கல்ல. ஐந்தாம் விதியின்படி அடி லேசானது என்று நடுவர் கருதினால் பந்து ஆட்டத்தை விட்டு வெளியே போகும்வரை ஆட்டம் தொடரும், கடுமையானது என்று கருதினால் நிறுத்த வேண்டும். 'நடுவரின் கருத்தில்' என்பதே இங்கு முக்கியமான தொடர். வலிக்கு வலிப்பவன் சாட்சி அல்ல, பார்ப்பவன்தான் சாட்சி.

இந்தச் சந்தேகத்தின் வாசிப்பு முற்றாக உடைந்துபோகும் கணங்கள் உண்டு. அப்படியொரு கணத்தில் கூட்டம் என்ன செய்கிறது, ஒளிபரப்பு என்ன செய்கிறது, அமைப்பு என்ன செய்கிறது என்ற மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல வருவது. 'ரசிகர்கள்' என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப்போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது சோம்பேறித்தனமான விமர்சனம்.

2

2021 ஜூன் 12, கோபன்ஹேகன் பார்க்கன் அரங்கு. டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிய ஐரோப்பியக் கோப்பை ஆட்டம். நமக்கு இரவு ஒன்பதரைக்குத் தொடங்கியது. முதல் பாதி முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது, தன்னை நோக்கி எறியப்பட்ட பந்தை வாங்க வந்த கிறிஸ்டியன் எரிக்சன் முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். யாரும் அவரைத் தொடவில்லை. இதயம் நின்றுபோயிருந்தது.

நடுவர் அந்தோணி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவர்களை அழைத்தார். அணித்தலைவர் சிமோன் கியேர் ஓடிவந்து எரிக்சனைச் சரியான நிலையில் கிடத்தினார், பிறகு சக ஆட்டக்காரர்களைச் சுற்றி நிற்கச் சொன்னார். அவர்கள் வட்டமாக நின்றார்கள். பலர் விழுந்தவனுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தையும் கேமராவையும் பார்த்தபடி, அழுதுகொண்டு நின்றார்கள். உள்ளே மருத்துவர்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது மறைப்பதற்குத் துணி வேண்டியிருந்தது. பின்லாந்து ரசிகர்கள் தங்கள் தேசியக் கொடிகளைக் கொடுத்தார்கள். சற்று முன்வரை எதிரணியை அச்சுறுத்த ஆட்டிக்கொண்டிருந்த கொடி, எதிரணிக்காரனின் உடலை மறைக்கும் திரைச்சீலை ஆனது. தேசம் என்னும் கதையாடலின் குறியீடு வெறும் துணியாக மாறி உருப்படியான ஒரு காரியத்துக்குப் பயன்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு அந்தக் குரல்கள். பின்லாந்துக்காரர்கள் 'கிறிஸ்டியன்' என்று முழங்க, டென்மார்க்காரர்கள் 'எரிக்சன்' என்று பதில் கொடுத்தார்கள். பாதிப் பெயர் அங்கே, பாதிப் பெயர் இங்கே.

இதே நேரத்தில் ஒளிபரப்பு என்ன செய்தது? மைதானத்திலிருந்து உலகுக்குப் போகும் படம் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் கட்டுப்பாட்டில் இருந்தது. நெஞ்சை அழுத்தும் கைகளைக் காட்டினார்கள். மைதானத்துக்குள் ஓடிவந்த அவரது துணைவியின் முகத்தைக் காட்டினார்கள். பிபிசி பின்னால் தன் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டது. வட்டமாக நின்ற ஆட்டக்காரர்கள் தடுத்தது எதை என்று இப்போது புரியும். அவர்கள் காற்றையோ வெயிலையோ தடுக்கவில்லை. தங்களுக்குச் சம்பளம் வரக் காரணமான அந்தக் கேமராவைத் தடுத்தார்கள். ஆட்டக்காரனின் உடல் பார்க்கப்படுவதற்காகவே விலைபேசப்பட்ட உடல். 'இந்த நிமிஷம் மட்டும் இது விற்பனைக்கில்லை' என்று அவர்கள் முதுகுகள் சொல்லின. அதே ஆண்டு யூஃபா தன் தலைவர் விருதைக் கியேருக்கும் அந்த மருத்துவக் குழுவினருக்கும் வழங்கியது. தன் கேமராவைத் தடுத்தவர்களுக்கே விருது கொடுத்து, அந்தத் தடுப்பையும் தன் கதையில் ஒரு அத்தியாயமாகச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்த அமைப்பு அது.

3

பூக்கோ தனது 1975ஆம் ஆண்டு நூலை, 1757இல் பாரிஸில் நடந்த ஒரு பகிரங்கச் சித்திரவதையில் தொடங்குகிறார். அதிகாரம் தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு உடல் வேண்டும், அதைப் பார்க்கக் கூட்டமும் வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தை நம்ப முடியாது, சில சமயம் அது கொலைமேடையில் நிற்பவன் பக்கம் சாய்ந்துவிடும் என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார். நம் கோட்பாட்டு நண்பர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, விளையாட்டு அரங்கென்றால் மயங்கிக் கிடக்கும் மந்தை என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்கனில் கூட்டம் சாய்ந்த பக்கம் எது என்று கேட்டால் இந்த வாய்பாடு நிற்காது.

அதற்காகக் கூட்டத்தைப் புனிதப்படுத்திவிடவும் முடியாது. எரிக்சனை யாரும் தொடவில்லை என்றேன். இது முக்கியம். குற்றவாளி இல்லாத விழுகை அது. குற்றவாளி இல்லாதபோது இரக்கம் சுலபம். 2008 பிப்ரவரியில் பர்மிங்காமில் ஆர்சனல் வீரர் எடுவார்டோவின் கால் முறிந்தது. முறித்த மார்ட்டின் டெய்லர் வெளியேற்றப்பட்டார். அவர் இனி ஆடவே கூடாது என்று ஆர்சனல் மேலாளர் வெங்கர் சொன்னார், அன்றே அதைத் திரும்பவும் பெற்றுக்கொண்டார். நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 5, பெங்களூர், ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். கோவாவின் டெம்போ அணிக்கு ஆடிய பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர், மோகன் பகானுக்கு எதிராகத் தன் இரண்டாவது கோலை அடித்த கணத்தில் கோல்காப்பாளருடன் மோதி விழுந்தார். எழவில்லை. டெம்போ 2-0 என்று கோப்பையை வென்றது. அதன் பிறகு நடந்தது என்ன? ஒரு இளம் கோல்காப்பாளர் குற்றவாளியாக்கப்பட்டார், தடை விதிக்கப்பட்டார். மைதானத்தின் ஓரத்தில் என்ன மருத்துவ ஏற்பாடு இருந்தது, எத்தனை நிமிஷத்தில் என்ன செய்யப்பட்டது என்ற கேள்வியை விட, 'அவன் வேணும்னே மோதினானா' என்ற கேள்வியே பெரிதாகப் பேசப்பட்டது. கூட்டத்தின் கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் அமைப்பு தப்பித்துக்கொள்ளும்.

இரக்கத்துக்குள்ளும் ஒரு கோடு ஓடுகிறது. 2012 மார்ச் 17 அன்று லண்டனில் போல்டன் வீரர் ஃபாப்ரீஸ் முவாம்பா இதயம் நின்று விழுந்தார். எதிரணியான டாட்டன்ஹாமின் ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இதயநோய் மருத்துவர் ஒருவர் இறங்கி ஓடிவந்து உதவினார். ஆட்டம் கைவிடப்பட்டது, முவாம்பா பிழைத்தார். அன்றே சமூக வலைத்தளத்தில் அவரைப் பற்றி இனவெறியோடு எழுதிய ஒரு மாணவருக்கு 56 நாள் சிறை கிடைத்தது. மருத்துவரும் அந்த மாணவரும் ஒரே ரசிகர் உலகத்தைச் சேர்ந்தவர்கள்தான். அரங்கில் நின்றவர்களுக்கு அவர் விழுந்து கிடக்கும் ஒரு மனிதர். திரைக்குப் பின்னால் இருந்தவனுக்கு அவர் ஒரு கறுப்பு உடல். தூரம் கூடக்கூட உடல் மறைந்து, அதன் மேல் எழுதப்பட்டது மட்டும் மிஞ்சுகிறது.

4

மீண்டும் பார்க்கனுக்கு வருவோம். எரிக்சன் நினைவு திரும்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்ற செய்தி வந்தது. ஆட்டக்காரர்கள் முன் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன: அன்றிரவே ஆடலாம், அல்லது மறுநாள் நண்பகல் ஆடலாம். அவர்கள் அன்றிரவே ஆடினார்கள். நம் கடிகாரத்தில் நள்ளிரவு பன்னிரண்டு. பின்லாந்து ஒரு கோல் அடித்தது. அடித்த போயன்பாலோ கொண்டாடவில்லை. டென்மார்க் பெனால்டியைத் தவறவிட்டது. ஆட்டத்தை அன்று தொடர்ந்திருக்கவே கூடாது என்று பயிற்சியாளர் யுல்மண்ட் பின்னால் சொன்னார்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பது ஜனநாயகம் போலத் தோன்றும். 'ஆடமாட்டோம்' என்ற மூன்றாவது சொல் அந்தப் பட்டியலில் இல்லை. நுண் அதிகாரம் கட்டளையிடுவதில்லை, படிவத்தை நீட்டி எங்கே டிக் அடிப்பது என்று கேட்கிறது. போட்டி அட்டவணை, ஒளிபரப்பு ஒப்பந்தம், விளம்பரம் எல்லாம் அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கின்றன.

வேறு மாதிரியும் நடக்க முடியும். அமெரிக்கக் கால்பந்தில் 1971 அக்டோபரில் டெட்ராய்ட் அணியின் சக் ஹியூஸ் மைதானத்திலேயே விழுந்து இறந்தார். ஆட்டம் கடைசிவரை ஆடப்பட்டது. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் நெஞ்சில் வாங்கிய அடியில் இதயம் நின்று விழுந்தபோது, சக ஆட்டக்காரர்கள் சுற்றி முழந்தாளிட்டார்கள், பிறகு இரு அணியும் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டன. அன்று ஆட்டம் திரும்பத் தொடங்கவில்லை. பின்னாலும் அது ஆடப்படவே இல்லை, ரத்து செய்யப்பட்டது. அங்கேயும் இருந்தது கோடிகள் புரளும் ஒளிபரப்புதான். வானம் இடிந்து விழவில்லை. நிறுத்த முடியும் என்பது நிரூபணமானது.

நான் அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு டி.வி.யை அணைத்தேனா? இல்லை. உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். எரிக்சன் விழுந்த காட்சி போனில் வந்தபோது இரண்டு பேருக்கு அனுப்பவும் செய்தேன். 'பாத்தியா?' என்று கூடவே ஒரு வார்த்தை. பின்லாந்து ரசிகன் கொடியைக் கொடுத்து மறைத்ததை நான் விரலால் விலக்கிப் பார்த்தேன். அரங்கில் நின்றவர்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். இதை எழுதாமல் கூட்டத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்யதை இல்லை.

5

'டென்மார்க் பணக்கார வீரனுக்காக இவ்வளவு பக்கமா?' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதன் பதிலும் இதே விஷயத்துக்குள்தான் இருக்கிறது.

2003 ஜூன் 26, லியோன். கேமரூனின் மார்க்-விவியன் ஃபோயே, கொலம்பியாவுக்கு எதிரான அரையிறுதியில் 72ஆம் நிமிஷத்தில், எரிக்சனைப் போலவே யாரும் தொடாமல் விழுந்தார். இறந்தார். மூன்றாம் நாள் இறுதி ஆட்டம் நடந்தது. அந்த மரணத்துக்குப் பிறகுதான் 2006 உலகக் கோப்பையிலிருந்து ஆட்டக்காரர்களின் இதயத்தை முன்கூட்டியே சோதிக்கும் முறை வந்தது, மைதானத்தின் ஓரத்தில் மின்னதிர்ச்சிக் கருவி இருக்க வேண்டும் என்ற நினைப்பும் வலுப்பட்டது. எரிக்சன் பிழைத்தார், 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் அடித்தார் என்றால், அதற்குள் ஃபோயேவின் மரணம் இருக்கிறது. பிழைத்தவர்களின் கதையில் இறந்தவர்கள் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

இன்னொன்று. எரிக்சன் விழுவதற்கு நாலு மாதம் முன்பு, 2021 பிப்ரவரியில், கார்டியன் பத்திரிகை ஒரு கணக்கை வெளியிட்டது. உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு 2010இல் கத்தாருக்குக் கிடைத்ததிலிருந்து, இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் தொழிலாளர்கள் 6500 பேருக்கு மேல் அங்கே இறந்திருக்கிறார்கள். எல்லோரும் அரங்கம் கட்டியவர்கள் அல்ல, எல்லா வேலைகளும் இதில் அடக்கம். ஆனால் காரணம் என்று சான்றிதழில் எழுதப்பட்டதைக் கவனியுங்கள். பெரும்பகுதிக்கு 'இயற்கை மரணம்'. இதயம் நின்றது, மூச்சு நின்றது. பல சமயம் பிரேதப் பரிசோதனைகூட இல்லை. நம் ஊர்களிலிருந்து கல்ஃபுக்குப் போனவர்கள் பெட்டியில் திரும்பி வரும்போது கூட வரும் காகிதத்தில் இருக்கும் அதே சொற்கள்தான்.

அதே விழுகை. யாரும் தொடவில்லை, இதயம் நின்றது. ஒரு உடலைச் சுற்றிப் பத்துப் பேர் வட்டமாக நின்றார்கள், கருவி வந்தது, விசாரணை வந்தது. இன்னொரு உடலுக்கு 'இயற்கை' என்ற ஒற்றைச் சொல் கிடைத்தது. வெயிலையும் வேலை நேரத்தையும் மறைக்க நல்ல துணி அந்தச் சொல். மறைப்பதில் இரண்டு விதம் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் மறைத்தது விழுந்தவனுக்காக. சான்றிதழ் மறைப்பது விழவைத்ததற்காக.

எனவே எரிக்சனுக்குக் கிடைத்ததை ஆடம்பரம் என்று நிராகரிப்பது நம் அரசியலாக இருக்க முடியாது. வேலைத்தலத்தில் ஒரு தொழிலாளி விழுந்தால் வேலை நிற்க வேண்டும், சகதொழிலாளிகள் சுற்றி நிற்க வேண்டும், உயிர் மீட்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அன்று பார்க்கனில் நடந்தது சாராம்சத்தில் இதுதான். அதைக் கேட்டு வாங்கும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து நாள் கழித்து அதே அரங்கில் டென்மார்க்கும் பெல்ஜியமும் ஆடின. எரிக்சனின் சட்டை எண் பத்து. பத்தாம் நிமிஷத்தில் பந்தை வேண்டுமென்றே வெளியே தள்ளிவிட்டு இரு அணியும் கூட்டமும் ஒரு நிமிஷம் கைதட்டினார்கள். ஒரு நிமிஷம் அட்டவணை நின்றது. ரசிகர்கள் நினைத்தால் ஒரு நிமிஷம் நிறுத்த முடிகிறது. 2022 டிசம்பரில் கத்தார் இறுதி ஆட்டத்தையும் நான் பார்த்தேன். நூற்றியிருபது நிமிஷமும் அதன் பிறகு பெனால்டிகளும். அந்த அரங்குகளுக்காக விழுந்தவர்களுக்கு என்று ஒரு நிமிஷம்கூட அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.