அஞ்சடியும் அரசுக் கணினியும்

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீதிகளில் மழைநாளில் நடப்பவர் குடை விரிக்காமலே நெடுந்தொலைவு செல்லலாம். கடைகள் பல, உடைமையாளர் பலர். ஒன்றில் புடவை, அடுத்ததில் மளிகை, அதற்கடுத்ததில் நகை. ஆயினும், 'அஞ்சடி' என்று இந்நாட்டுத் தமிழர் வழங்கும் ஐந்தடி நடைவழி ஒவ்வொரு கடையின் முகப்பிலும் அமைந்து, அடுத்த கடையின் நடைவழியோடு சேர்கிறது. கடையின் உள்ளமைப்பு உடைமையாளர் விருப்பம். முகப்பில் வழிவிடுதல் அனைவர்க்கும் பொதுவிதி. இடையே ஒருவர் மூட்டைகளை அடுக்கி வழியை அடைத்தால், நடப்பவர் சாலையில் இறங்கி நனைய வேண்டியதுதான்.

பெரிய நிறுவனங்களின் கணினி அமைப்புக்கும் இவ்வுவமை பொருந்தும். ஒரு நிறுவனத்தின் ஒவ்வொரு துறையும் தன் தேவைக்கென ஒரு மென்பொருளை வைத்திருக்கிறது. ஒரு துறையின் செய்தி மற்றொரு துறைக்கு வேண்டியபோது, பெரும்பாலும் அதே செய்தியை மீண்டும் கேட்டு வாங்கித் தம் ஏட்டிலும் எழுதிக்கொள்வர். இவ்விடரைத் தீர்க்க எழுந்ததே சேவைசார் மென்பொருள் கட்டமைப்பு. கார்ட்னர் என்னும் ஆய்வு நிறுவனத்தார் 1996 இல் இப்பெயரை வழங்கினர். ஓயசிஸ் என்னும் தரநிர்ணய அமைப்பு 2006 இல் இதற்கொரு பொது இலக்கணம் வகுத்தது. இதன் சாரம் வருமாறு: ஒவ்வொரு துறையும் தனக்குரிய செய்தியைத் தானே காக்கவேண்டும், பிற துறை கேட்கும்போது, முன்னரே ஒப்புக்கொண்ட முறையில் விடையளிக்க வேண்டும், கேட்கும் துறை, விடைதரும் துறையின் உள்ளமைப்பை அறியத் தேவையில்லை.

'சேவை' என்னும் சொல் ஈண்டுச் சற்று மயக்கம் தருவது. தமிழில் அது தொண்டையும், கைம்மாறு கருதாத உதவியையும் நினைவூட்டுகிறது. கணினித் துறையிலோ, ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொண்டபடி கேட்டார்க்குத் தரும் கடமையையே அது குறிக்கிறது. 'பணி' என்று பெயரிட்டிருப்பின் பொருள் இன்னும் தெளிவாயிருக்கும். இச்சொல்லாராய்ச்சி வீண் அன்று. உதவியென்றால் மறுக்கலாம், கடமையென்றால் மறுக்கவியலாது. இம்முறையை மேற்கொண்ட நிறுவனங்களில் காணப்பெறும் குறைகள் பல, இவ்வேறுபாட்டை உணராமையால் நேர்ந்தவையே.

ஆன் தாமஸ் மேன்ஸ் என்னும் ஆய்வாளர், இக்கட்டமைப்பு இறந்துவிட்டது என்றே 2009 சனவரியில் எழுதினார். பெரும்பொருள் செலவிட்டும் பல நிறுவனங்களில் பழைய நிலையே நீடித்தது என்பது அவர் கண்ட குறை. எனினும், பணிகளாகப் பிரித்து அமைக்கும் நெறி முன்னினும் இப்போது வேண்டப்படுவது என்றும் அவர் கூறினார். அவர் கருத்து ஏற்கத்தக்கதே. இணைப்புக் கருவிகளைப் பொருள்கொடுத்து வாங்கலாம். எச்செய்திக்கு எத்துறை பொறுப்பு என்னும் முடிவை எந்த வணிகரிடத்தும் வாங்க இயலாது. அதனைத் தலைமைப் பொறுப்பிலுள்ளோரே செய்தல் வேண்டும்.

மலேசிய அரசினும் பெரிய நிறுவனம் இந்நாட்டில் இல்லை. ஆதலின் அதன் அண்மை முயற்சிகளை இந்நெறிகொண்டு சீர்தூக்குதல் தகும். 2024 சனவரி 2 இல் 'பாடு' என்னும் முதன்மைத் தரவுத்தளம் தொடங்கப்பெற்றது. மானியம் தகுதியுடையார்க்கே சேரவேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நன்று. ஆயினும், பல துறைகளின் செய்திகளை ஓரிடத்தில் குவித்த பின்னும், மக்கள் தாமே பதிந்து தம் விவரங்களைச் சரிபார்த்து நிரப்புமாறு அவ்வாண்டு மார்ச் 31 வரை தவணை தரப்பெற்றது. கேட்கப்பட்டவற்றுள் பல, ஏதேனும் ஓர் அரசுத் துறையின் ஏட்டில் முன்னரே இருந்தவை. அவ்வாண்டு சூன் மாதம் தீபகற்பத்தில் டீசல் மானியம் நீக்கப்பட்டபோது, 'புடி மடானி' உதவித்தொகை வேண்டியோர் வேறொரு தளத்தில் மீண்டும் விண்ணப்பிக்க நேர்ந்தது. சில மாதங்களுக்கு முன் நிரப்பியது அங்கே அவர்க்குக் கைகொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டில் வந்த 'புடி95' பெட்ரோல் மானியம் இதனின் வேறுபட்டது. 2025 செப்டம்பர் 30 இல் அது தகுதியுடைய குடிமக்கள் அனைவர்க்கும் திறக்கப்பட்டபோது, எவரும் படிவம் நிரப்ப வேண்டியிருக்கவில்லை. குடிமகனா, 16 வயது நிறைந்தவரா என்பதைத் தேசியப் பதிவுத்துறையின் ஏடு கூறும். ஓட்டுநர் உரிமம் உண்டா என்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஏடு கூறும். எண்ணெய் நிலையத்தில் மைகார்டைக் காட்டினால் போதுமானதாயிற்று. இவ்விரு திட்டங்களும் முற்றிலும் ஒரு தன்மையன அல்ல. குடும்பத்தின் வாழ்க்கை நிலையை அளப்பது அரிய வேலை. உரிமம் உண்டா என்று அறிவது எளிது. எனினும், செய்தியை உடையவரிடம் கேட்டுப் பெறும் முறையே மக்களுக்கு எளிதென்பதைப் புடி95 காட்டிவிட்டது.

இதில் தமிழாசிரியர்க்கு என்ன தொடர்பு என்று வினவலாம். 'எழிலரசி' என்னும் பெயரை ரோமன் எழுத்தில் எழுதப் புகுந்தால், ழகரத்துக்கு ஒருவர் இசட்டும் எச்சும் இடுவார். மற்றொருவர் எல் ஒன்றோடு நிறுத்துவார். இரண்டிலும் குற்றமில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒன்றும், பள்ளிப் பதிவேட்டில் மற்றொன்றும், தேர்வுச் சான்றிதழில் வேறொன்றுமாக அமைந்துவிட்டால், அச்சிறுமி வளர்ந்து மேற்படிப்புக்கும் வேலைக்கும் செல்லும்போது மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலையவேண்டும். மாணவர் விவரத்துக்கு ஏபிடிஎம், மதிப்பெண்ணுக்குச் சாப்ஸ், ஒழுக்கப் பதிவுக்கு எஸ்எஸ்டிஎம் எனக் கல்வி அமைச்சின் தளங்கள் தனித்தனியே வளர்ந்ததை ஆசிரியர்கள் அறிவர். பின்னர் 'ஐடிமி' வழியே ஒரே அடையாளத்தோடு நுழையும் வசதி வந்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும், ஒரு திறவுகோலால் பல அறைகளைத் திறப்பது வேறு. ஓர் அறையில் உள்ள பெயரையே ஏனைய அறைகளும் கேட்டுப் பெறுவது வேறு. பின்னது நிறைவேறினாலன்றி, ஒரே பெயரைப் பலமுறை தட்டச்சிடும் வேலையும் அதனால் வரும் பிழையும் ஒழியா.

இந்நெறிக்கு மறுப்பும் உண்டு. எல்லாத் துறைகளும் ஓர் ஏட்டையே நம்பினால், அவ்வேட்டில் உள்ள ஒரு பிழை எல்லா இடங்களுக்கும் பரவும். இம்மறுப்பு வலியது. ஆதலின், பிழை திருத்தும் வாயில் எளிதாயும் விரைவாயும் அமையவேண்டும். அவ்வாறு அமைந்தால், ஓரிடத்தில் திருத்தியது எல்லா இடத்தும் திருந்தும் என்னும் நன்மையும் கிட்டும்.

மற்றொரு மறுப்பு தனிமறை பற்றியது. 2010 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதன்று. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டமோ கூட்டரசுத் துறைகளுக்கிடையே நிகழும் பகிர்வையே நெறிப்படுத்துகிறது. பினாங்கு மாநில அரசும் பிற மாநில அரசுகளும் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஏறத்தாழப் பதின்மூன்று இலட்சம் மக்களே வாழும் எஸ்தோனியா நாடு, 2001 இல் 'எக்ஸ்ரோடு' என்னும் இணைப்பு முறையைத் தொடங்கியது. ஒரே செய்தியைத் திரட்ட இரண்டு தரவுத்தளங்கள் அமைத்தல் கூடாதென்று அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. தம் விவரங்களை எந்த அலுவலகம் பார்த்தது என்று குடிமக்கள் அறிந்துகொள்ளவும் ஆங்கு வழியுண்டு. கருவியினும் இவ்விரு விதிகளே அந்நாட்டின் வெற்றிக்கு அடிப்படை எனலாம்.

இனி வரும் எந்த அரசுத் தளத்தையும் மூன்று வினாக்களால் அளந்து பார்க்கலாம். இச்செய்தியைக் காக்கும் பொறுப்பு யாருடையது? அதைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்கு உண்டு? பிழை நேர்ந்தால் திருத்துபவர் யார்? இவற்றுக்கு விடை இல்லாத தளம் எத்துணை அழகிய திரையோடு வந்தாலும், ஆசிரியரின் மேசையில் மேலும் ஒரு படிவமாகவே முடியும். விடையுள்ள தளமோ, எழிலரசியின் பெயரை ஒருமுறை செம்மையாய் எழுதி, அவள் வாழ்நாள் முழுதும் அப்படியே காக்கும்.