ஓரத்தில் எழுதிய மாணவர்

ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பித்தல் பற்றிய ஆராய்ச்சிகளில் மேனாட்டு நிபுணரின் குரலே ஓங்கி ஒலித்து வந்துள்ளது. மாணவனின் குரலுக்குச் செவிசாய்த்த நூல்களுள், மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பது பற்றிச் சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட ஆங்கில நூல் குறிப்பிடத்தக்கது. போர்க்கால யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே அதன் களம்.

அங்கு பாடநூலாயிருந்தது ஓர் அமெரிக்க நூல். அதன் ஓரங்களில் மாணவர் விடுதலைப் போராட்டம், காதல், சினிமா பற்றியெல்லாம் படம் வரைந்தனர், வரிகள் எழுதினர். பள்ளிக்கூடங்கள் தண்டனைக்குரியதெனக் கொள்ளும் இக்கிறுக்கல்களை எதிர்ப்பின் மொழியாக அவர் வாசித்துக் காட்டும் பக்கங்கள் நூலின் சிகரம் எனலாம்.

ஆயின், அதே மாணவர் உரையாடல் முறையை விரும்பாது இலக்கணமே வேண்டுமென்றனர். அந்நியப் பண்பாட்டைத் தொலைவில் நிறுத்தும் உபாயமாகவும் இதனைக் கொள்ளலாமென்பது ஆசிரியர் கருத்து. இவ்விடத்தில் அவருடன் உடன்பட இயலவில்லை. மாணவரின் வறுமையை அவர் அறியாதவரல்லர். அதற்குரிய அழுத்தத்தைத்தான் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் உரையாட வீட்டில் எவருமற்ற கடற்றொழிலாளியின் மகன், குப்பி விளக்கின் முன் தனியே இருந்து படிக்கக்கூடியது இலக்கணம் ஒன்றே. பரீட்சைத் தாளும் அதையே கேட்டது.

சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்பர். அவ்வாளை ஏந்தி நிற்பவன் மேனாட்டான் மட்டுமல்லன். கொழும்பில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாடநூலின் அமெரிக்கா அந்நியமாயிருந்திருக்கலாம், ஆங்கிலம் அந்நியமன்று. இவ்வேறுபாடு நூலில் மங்கிப்போகிறது.