தெய்வம் போயிற்று, குருக்கள் இருக்கிறார்

“நாஸ்திகமும் ஒரு மதந்தானே?” என்னும் கேள்வி நம்மவர் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. கோயில் காரியஸ்தர் ஒருவர் இதனைக் கேட்கும்பொழுது அவர் குரலில் வெற்றிக்களிப்பு ஒலிக்கும். சீர்திருத்த அன்பர்களோ கேட்ட மாத்திரத்திலே சினங்கொள்வர். மதத்தை உயர்வென்று போற்றும் ஒருவர், பிறனை நோக்கி “நீயும் என்னைப் போன்றவனே” என்பதைப் பழிச்சொல்லாக எண்ணிக் கூறுவதும், கேட்டவர் அதனைப் பழியாகவே ஏற்று வெகுள்வதும் வேடிக்கையே. நிற்க. கேட்டவர் யாராயினும் கேள்விக்கு விடை உண்டா என்று பார்த்தல் நம் கடமை. இதற்கு ஊகத்தை நாட வேண்டுவதில்லை. கடவுளை அகற்றிவிட்டுக் கோயில், குரு, சடங்கு, திருநாள் ஆகிய அனைத்தும் நிறைந்த ஒரு மதத்தை ஏட்டிலே கட்டி முடித்த பேரறிஞர் ஒருவர் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்தார். அவர் எழுதிய வினாவிடை நூலை எடுத்து ஆராய்வதே நேரிய வழியாகும்.

அவர் பெயர் ஆகஸ்ட் கோம்ட். 1798ஆம் ஆண்டில் மான்பெலியே நகரிற் பிறந்து 1857ஆம் ஆண்டிற் பாரிஸில் மறைந்தவர். 1830 முதல் 1842 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தத்துவ நூல் ஐரோப்பிய அறிஞர் பலரை ஈர்த்தது. மனித அறிவு மூன்று படிகளைக் கடந்து வருகின்றதென்பது அவர் சித்தாந்தம். இடி முழங்கினால் அது தேவர் செயலென்பது முதற்படி. கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஒரு தத்துவத்தின் செயலென்பது இரண்டாம் படி. கண்டும் ஒப்பிட்டும் அறிந்த இயற்கை விதிகளைக் கொண்டு விளக்குவது மூன்றாம் படி. இம்மூன்றாம் படிக்கு அவர் சூட்டிய பெயர் பாஸிட்டிவிஸம். இவ்வளவில் நின்றிருப்பாராயின் பகுத்தறிவாளர் வரிசையில் அவருக்கு ஐயமின்றி ஓர் ஆசனம் இட்டிருப்போம். 1844ஆம் ஆண்டில் கிளோட்டில்ட் தெ வோ என்னும் பெண்மணியைச் சந்தித்துப் பேரன்பு கொண்டார். 1846ஆம் ஆண்டில் அப்பெண்மணி நோயுற்று இறந்தார். அத்துயரின் பின், தத்துவ ஆசிரியராக இருந்தவர் மதகுருவாக மாறினார். 1849இல் ஒரு பஞ்சாங்கம் வகுத்தார். 1852இல் பாஸிட்டிவிஸ வினாவிடை வெளிவந்தது. 1858இல் ரிச்சர்டு காங்கிரீவ் என்பார் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார்.

மானிட மதத்தின் குருக்கள் ஒருவருக்கும் ஒரு பெண்மணிக்கும் நிகழும் உரையாடலாக நூல் அமைந்துள்ளது. சைவ வினாவிடையோ கிறிஸ்தவப் பள்ளியின் ஞானோபதேசமோ பயின்றவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. இலக்கியமென்ற முறையில் நோக்குமிடத்து நூலின் பெருங்குறை அந்தப் பெண்மணியே. குருக்கள் அடுத்துக் கூற விரும்பியதையே அவள் வினவுகிறாள். ஐயம் எழுப்பினாலும் விடை வந்ததும் நன்றியுடன் அடங்கிவிடுகிறாள். பிளேட்டோவின் உரையாடல்களிலே சாக்ரடீஸை மடக்க முயல்வோர் உளர். அந்நூல்களுக்கு உயிர் அவர்களாலேதான் வந்தது. இங்கே வினாவும் கோம்டுடையது, விடையும் கோம்டுடையது.

குருக்கள் போதிப்பது யாது? வழிபடத்தக்கது மானிடம் என்னும் பேருரு. முன் வாழ்ந்தோரும், இனி வாழ்வோரும், இன்று பிறர்க்கென உழைப்போரும் சேர்ந்ததே அது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பிரார்த்தனை உண்டு. சிலுவைக் குறி இடுவதற்குப் பதிலாக, அன்பு, ஒழுங்கு, முன்னேற்றம் ஆகியவை மண்டைக்குள் எவ்வெவ்விடத்தில் உறைவதாகக் கொண்டனரோ அவ்விடங்களைக் கையால் தொட்டுக்கொள்ளுதல் உண்டு. குழந்தையைச் சபையின் முன் கொணர்வது முதலாகச் சடங்குகள் ஒன்பது. ஒன்பதாவது, இறந்து ஏழாண்டு கழிந்தபின் நடப்பது. மாண்டவன் மானிடத்திற் சேரத்தக்கவனா என்று குருமார் தீர்ப்பளிப்பர்; தக்கவனாயின் அவனுடைய எச்சங்கள் கோயிலைச் சார்ந்த புனிதச் சோலைக்கு மாற்றப்படும். சித்திரகுப்தன் கையிலிருந்த ஏட்டை வாங்கி இம்மதம் குருமார் கையிற் கொடுத்தது எனலாம்.

பஞ்சாங்கமோ இன்னும் சுவையுடையது. ஆண்டுக்கு 13 மாதம், மாதத்துக்கு 28 நாள், ஆக 364. எஞ்சிய ஒரு நாள் இறந்தோர் அனைவர்க்கும் உரியது. ஆண்டுக்கணக்கு பிரெஞ்சுப் புரட்சி எழுந்த 1789இல் தொடங்கும். மோசே, ஹோமர், அரிஸ்டாட்டில் என மாதங்களுக்குப் பெயர். தோட்டத்துச் செக்ரோலில் ஆட்பெயர் எழுதுவது போல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெரியார் பெயர். பவுல் அடிகளுக்கு ஒரு மாதம் முழுவதும் உண்டு; இயேசுநாதருக்கு ஒரு நாளும் இல்லை. முதன் மாதத்திலே, புத்தருக்குரிய வாரத்தில், மனுவுக்கும் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது! வருணத்தை வகுத்ததாகச் சொல்லப்படும் பெயர், கடவுளை நீக்கிய மதத்தின் பஞ்சாங்கத்தில் ஏறியிருப்பதைக் காணும் தமிழர் சற்றே நின்று யோசிப்பர். சமுதாயம் ஒழுங்குபட்டிருத்தலே கோம்டுக்குப் பெரிதாயிருந்தது. அவ்வொழுங்கின் கீழ் நசுங்கியவர் யாவரென்பது அன்று.

1868இல் எடின்பரோ நகரிற் பேசிய ஹக்ஸ்லி என்னும் விஞ்ஞானி, கத்தோலிக்கத்திலிருந்து கிறிஸ்து நெறியைக் கழித்தால் எஞ்சுவதே இம்மதம் என்னும் கருத்துப்பட எள்ளினார். கிராணி வேலை பார்ப்பவனாதலால் கழித்தற் கணக்கில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டு. ஹக்ஸ்லியின் கணக்கு சரியே. ஆயின் எஞ்சியவற்றை அவர் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதவில்லை. பாட்டு, பூ, விளக்கு, கூட்டம், திருநாள் ஆகியவை ஒரு தலைப்பின் கீழ் வரும். மறுகேள்விக்கு இடங்கொடாத அதிகாரம் வேறொரு தலைப்பின் கீழ் வரும். நம் ஆஸ்திக நண்பர்கள் முதல் தலைப்பைக் காட்டி வழக்கை முடித்துவிடுகின்றனர். “நீங்களும் மாலை இடுகின்றீர்கள், நீங்களும் ஊர்வலம் போகின்றீர்கள், ஆகவே நீங்களும் மதத்தினரே” என்பது அவர் வாதம்.

இவ்வாதம் நில்லாது. பிறப்பையும் மணத்தையும் சாவையும் பலர் கூடி நினைவுகூர்தல் மனித இயல்பு; அது மதத்துக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்ட நிலமன்று. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தார் 1881இல் திறந்த மதச்சார்பற்றோர் மண்டபத்தில் சாக்ரடீஸ், வால்ட்டேர், பெயின், ஓவன் ஆகியோருடன் இயேசுவின் உருவத்தையும் அமைத்தனர். 2013இல் லண்டனில் நகைச்சுவைக் கலைஞர் இருவர் தொடங்கிய ஞாயிறு சபையிலே பாட்டும் உரையும் தேநீரும் உண்டு. கடவுள் மட்டும் இல்லை. இவற்றால் யாருக்கு என்ன கேடு?

சடங்கை அறவே ஒழித்தோரிடத்திலும் மதவாதியின் குணம் தங்கியிருக்கக்கூடும். சார்லஸ் பிராட்லா கடவுள் மறுப்பாளர். பிரமாணம் பற்றிய வழக்கால் 1880 முதல் 1886 வரை பார்லிமெண்டில் தமக்குரிய இடத்துக்காகப் போராடியவர். சென்னை இலௌகிக சங்கத்தார் 1880களில் ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடத்தியபொழுது அவரையே வழிகாட்டியாகக் கொண்டனர். 1891இல் அவர் யாதொரு சடங்குமின்றி அடக்கம் செய்யப்பட்டார். அப்பொழுது லண்டனில் மாணவராக இருந்த காந்தியடிகளும் சென்றிருந்தார். திரும்பும் வழியில் இரயில் நிலையத்திலே கடவுள் மறுப்பாளர் ஒருவர், வழியே போன பாதிரியாரை மறித்துக் கடவுளின் அளவென்ன, இருப்பிடமெது என்று வினவி வம்புக்கிழுத்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதத்தில் எழுதியுள்ளார். நாஸ்திகத்தின்பால் தமக்கிருந்த வெறுப்பு அதனால் மிகுந்ததென்றும் கூறுகிறார். தெருமுனையில் நின்று வழிப்போக்கரைப் பாவியென்று அழைக்கும் பிரசங்கியாருக்கும் இவருக்கும் வேற்றுமை காண்பது அரிது. அங்கே பூவுமில்லை, விளக்குமில்லை.

ஆகவே இரண்டாந் தலைப்பைப் பார்ப்போம். கோம்ட் 1838 முதல் மூளைச் சுகாதாரம் என்னும் ஒரு விரதத்தை மேற்கொண்டார். பிறர் எழுதும் பத்திரிகைகளையும் புதிய நூல்களையும் படிப்பதில்லை என்பது அவ்விரதம். பிடித்த கவிஞர் சிலருக்கு மட்டும் விலக்கு. தம் அடியார்க்கும் சுமார் 150 நூல் கொண்ட ஒரு புத்தகசாலையை வரையறுத்துக் கொடுத்தார். விவிலியமும் குர்ஆனும் அதில் உள்ளன. ஆகவே பரந்த மனம் இல்லையென்று சொல்லவியலாது. குறை, எண்ணை வரையறுத்ததில் உள்ளது. நட்சத்திரங்கள் எப்பொருளால் ஆயின என்பதை மனிதன் ஒருபோதும் அறியமாட்டான் என்று 1835இல் எழுதினார். பிற்காலத்தில், சூரிய மண்டலத்துக்கு அப்பால் ஆராய்வதே வீணென்று தடை கூறினார். அவர் இறந்து சுமார் இரண்டாண்டில், 1859இல், கிர்க்காப், புன்ஸன் என்னும் ஜெர்மானியர் இருவர் ஒளியைப் பகுத்துச் சூரியனிலுள்ள மூலப்பொருள்களைக் கண்டறிய வழி திறந்தனர். தவறுவது அறிஞர்க்கு இயல்பு. தவறத்தக்க கருத்தைக் கட்டளையாக்குவது குருமார்க்கு இயல்பு.

பெண்கள் நிலையில் இது இன்னும் கொடிதாகிறது. பெண்ணே மானிடத்தின் திருவுரு என்று கோம்ட் துதிக்கிறார். துதித்துவிட்டு, அவள் வீட்டினுள் இருக்கவேண்டும், ஆடவன் அவளைக் காக்கவேண்டும், அவளுக்குச் சொத்துரிமை வேண்டுவதில்லை என்கிறார். மணவிலக்கு கூடாது. துணை இறந்தபின் மறுமணம் கூடாது. கைம்மை வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. ஆடவர்க்கும் இவ்விதியே என்பது உண்மை. அவ்வளவில் நம் நாட்டுச் சாஸ்திரிகளினும் அவர் நேர்மையுடையவர். எனினும் மணம், விதவை, சொத்து என்று நம் சீர்திருத்த இயக்கங்கள் தலைமுறை தலைமுறையாக எதற்காகப் போராடினவோ, அவற்றையெல்லாம் கடவுள் பெயரைச் சொல்லாமலே ஒருவர் மறுபடி பூட்டி வைக்க முடிந்தது.

இவ்விடத்தில் நம்மவர் செயலொன்றை ஒப்புநோக்குதல் பொருந்தும். 1967இல் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி, சுற்றத்தார், நண்பர் முன்னிலையில் மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லுவதோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வதோ, தாலி கட்டுவதோ போதும். சடங்கு உண்டு, குருக்கள் வேண்டுவதில்லை. கோம்டின் மணத்திலோ குருக்கள் இன்றியமையாதவர். இரண்டும் புறத்தே ஒத்த தோற்றமுடையனவாயினும் அகத்தே எதிரெதிரானவை. நம் சங்கங்களில் படத்துக்கு மாலை இடுவதைக் கண்டு ஆஸ்திகர் நகைப்பராயின் நகைக்கட்டும். படத்திலுள்ள பெரியார் கூறியது ஒன்று பிழையென்று தோன்றினால், அதனை அந்த மேடையிலேயே எழுந்து ஒரு பால்மரத் தொழிலாளி கூற இயலுமா, கூறியபின் அடுத்த கூட்டத்தில் அவருக்கு நாற்காலி இருக்குமா என்பதே நாம் ஆராயவேண்டுவது. சில சங்கங்களில் இருக்கும், சிலவற்றில் இராது. இராதவற்றைப் பற்றிக் கோயில் காரியஸ்தர் கூறுவது முழு உண்மை.

ஜான் ஸ்டூவர்ட் மில் இவ்வேற்றுமையை நன்கு கண்டவர். கோம்ட் உத்தியோகம் இழந்து வறுமையுற்றபொழுது இங்கிலாந்து நண்பர்களிடம் பொருள் திரட்டி உதவியவர் அவர். எனினும் 1865இல் கோம்டைப் பற்றி எழுதிய நூலில் தாட்சணியம் காட்டவில்லை. கடவுளின்றியும் மதம் இருக்கக்கூடும், மானிடத்தின்பால் அன்பு அதற்குப் போதுமானது என்று ஒப்புகிறார்; வாழ்வின் ஒவ்வோர் அசைவுக்கும் விதி வகுக்கும் ஆசையையே கண்டிக்கிறார். மண்டையைத் தொட்டுக்கொள்ளும் குறியைப் படித்தபொழுது அவராலும் சிரிப்பை அடக்க இயலவில்லை என்று தோன்றுகிறது.

இம்மதம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. பிரேஸில் நாட்டில் 1881இல் மிகேல் லெமோஸ் என்பார் பாஸிட்டிவிஸச் சபையை நிறுவினார். ரியோ நகரில் கோயிலும் எழும்பிற்று. அச்சபையார்க்கு உரிய புகழை மறைத்தல் நன்றன்று. அடிமைகளை உடையோர் சபையில் இருத்தலாகாது என்று லெமோஸ் உறுதியாக நின்றார். அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888இலேதான். காட்டுப் பழங்குடியினரைக் காக்க 1910இல் அமைந்த துறைக்குத் தலைமை தாங்கிய ரொண்டோன் இம்மதத்தினர். உயிரைக் கொடுப்பினும் பழங்குடியினர் உயிரைக் கொள்ளலாகாது என்று தம் ஆட்களுக்கு விதித்தவர். 1889இல் அமைந்த பிரேஸில் கொடியில் ஒழுங்கு, முன்னேற்றம் என்னும் கோம்டின் சொற்கள் இன்றும் உள்ளன; அவர் முதலில் வைத்த அன்பு என்னும் சொல் கொடியில் ஏறவில்லை.

அதே ரியோவில் 1904இல் அம்மைநோய் பரவிற்று. ஆஸ்வால்டோ குரூஸ் என்னும் மருத்துவரின் முயற்சியால் அம்மைப்பால் குத்திக்கொள்வதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது; நவம்பர் மாதத்தில் தெருக்களிற் கலகம் மூண்டது. சட்டத்தை எதிர்த்தோருள் பாஸிட்டிவிஸச் சபையாரும் இருந்தனர். ஒரு வைத்தியக் கொள்கையை அரசாங்கம் மக்கள்மேல் வலிந்து திணித்தலாகாது என்று அவர்கள் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. போலீஸார் வீடு புகுந்து நடந்துகொண்ட முறையைக் கண்டவர் அதனை மறுக்கமாட்டார். ஆயினும் அவர்தம் மருத்துவ அறிவு, குருநாதர் கற்ற காலத்திலேயே நின்றிருந்தது. அவருடைய பஞ்சாங்கத்தில் 13ஆம் மாதம் 1802இல் இறந்த பிஷா என்னும் மருத்துவருடையது. அதன் கடைசி வாரம், மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவிக் குணம் கூறிய கால் என்பவருடையது. அப்பஞ்சாங்கம் வகுக்கப்பட்ட 1849இல், நோய்க்கிருமிகளைப் பற்றிப் பின்னாளில் உலகுக்கு உணர்த்திய பாஸ்டர் பெயர் அறியப்படாத ஓர் இளைஞர்.