நங்கூரமிட்ட படகில் மலிவுக் கேமரா: பயனும் எல்லையும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கயிற்றில்தான் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போதெல்லாம் மறுபடி கட்டிப்போட வேண்டும். பழுதுக்கும் விலைப் பிரச்சினைக்கும் வேலைநிறுத்தத்துக்கும் நிற்கும் நாட்கள் வேறு. இப்படி ஆண்டில் கணிசமான காலத்தை ஒரு படகு ஆளில்லாமல் தண்ணீரில் மிதந்தே கழிக்கிறது. அந்தக் காலத்திலும் அதற்கு ஆபத்து ஓய்வதில்லை. கயிறு உரசி உரசி இழை விடும். பக்கத்துப் படகு வந்து மோதும். புரொப்பல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் கிளாண்ட் என்ற அடைப்பு தளர்ந்து தண்ணீர் சொட்டும். மரப்படகாக இருந்தால் கலப்பத்து (பலகை இடுக்கு அடைப்பு) விட்ட இடத்தில் கசியும். டீசல், பேட்டரி, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் என்று கழற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

இதற்கெல்லாம் ஒரே மருந்தாக இன்று கைக்கு எட்டுவது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கேமரா. சிம் கார்டு போடும் 4ஜி கேமரா, சிறிய சோலார் பேனல், செல்போனில் ஓர் ஆப். வீட்டில் உட்கார்ந்தபடியே படகைப் பார்க்கலாம் என்கிறது விளம்பரம். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். கேமரா நல்ல கருவிதான். அது படகுக் காவலில் இரண்டாவது கருவியாக இருக்க வேண்டும். பலர் அதையே முதலும் முடிவுமாக வைத்துவிடுகிறார்கள் என்பதே என் குறை.

முதலில் பலம். பார்க்க முடிவது பெரிய வசதி. ஜிபிஎஸ் டிராக்கர் படகு எங்கே இருக்கிறது என்று சொல்லும், எப்படி இருக்கிறது என்று சொல்லாது. முன்பக்க அணியத்துக் கயிறு இறுக்கமாக இருக்கிறதா, பக்கத்துப் படகுக்கும் நம் படகுக்கும் நடுவில் டயர் இன்னும் தொங்குகிறதா, பின்பக்கம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதை ஒரே படம் சொல்லிவிடும். உரிமையாளர் வேறு ஊரில் இருக்கும்போது, யாரையாவது அனுப்ப வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க இந்தப் படம் போதும். வீண் அலைச்சல் குறைகிறது. காற்று எழும்பும் முன்பே கூடுதல் கயிறு போடச் சொல்ல முடிகிறது. களவு நடந்தால், ஏறியது யார் என்று காட்டவும் ஓர் ஆதாரம் கிடைக்கிறது.

கேமராவை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்த ஆதாரத்தின் மதிப்பு. ஜெட்டிக்கு எதிரே ஒரு கட்டட மாடியில் வைத்தால் கரண்ட் கவலை இல்லை, படகோடு சேர்ந்து ஆடாது, ஒரே கேமராவில் பல படகுகள் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் அகலக்கோண லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி பார்க்கும். 200 மீட்டர் தள்ளி அது காட்டும் காட்சியின் அகலம் சுமார் 475 மீட்டர். படத்தின் 1,920 புள்ளிகளும் அந்த அகலத்துக்குப் பங்கிடப்பட்டால் மீட்டருக்கு 4 புள்ளிதான். நிற்கும் மனிதனின் அகலம் இரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான பன்னாட்டுத் தரம், ஆள் இருக்கிறார் என்று கண்டுகொள்ளவே மீட்டருக்கு 25 புள்ளி வேண்டும் என்றும், இன்னார் என்று அடையாளம் காண 250 வேண்டும் என்றும் 2014-இல் வரையறுத்தது. அதே கேமராவைப் படகின் கேபினில் வைத்து 3 மீட்டர் தூரத்தைப் பார்க்கவிட்டால் 250-ஐத் தாண்டிவிடுகிறது. எனவே கரையிலிருக்கும் கேமரா படகு இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க. படகிலிருக்கும் கேமரா ஏறியவர் யாரென்று பார்க்க. இரண்டு வேலையையும் ஒரே கேமராவிடம் எதிர்பார்த்து வாங்குகிறவர்கள்தான் பிறகு ஏமாந்துபோகிறார்கள்.

அடுத்தது மின்சாரம். மலிவுக் கேமராத் திட்டங்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். கேமராவுக்கு 5 வாட், தனி ரவுட்டர் இருந்தால் அதற்கு 4 வாட் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 216 வாட்-மணி, அதாவது 12 வோல்ட் பேட்டரியில் 18 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் தேயும். ஆகவே வெயில் இல்லாவிட்டால் மூன்றாம் நாளைத் தாண்டாது. 50 வாட் பேனல் நல்ல வெயிலில் இழப்பெல்லாம் போக 150 வாட்-மணி தரலாம். நல்ல வெயிலிலேயே செலவு வரவைவிட அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டாம்.

அதைவிட மோசமானது, இந்தக் கேமராவை இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே இணைப்பது. கசியும் தண்ணீரை இறைக்கும் தானியங்கிப் பம்பும் அதே பேட்டரியில் இருந்தால், படகைக் காக்க வைத்த கேமராவே பம்பின் மின்சாரத்தைக் குடித்துப் படகை மூழ்கடிக்கும். கேமராவுக்குத் தனி பேட்டரி, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ். இந்த இரண்டும் இல்லாத அமைப்பை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், படகில் ஏற்றக்கூடாது.

இதற்கு வழி பெரிய பேட்டரி வாங்குவதில் இல்லை. நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்பதில் இருக்கிறது. கட்டிக்கிடக்கும் படகின் நிலை நொடிக்கு நொடி மாறாது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் போதும். கருவி தூக்கத்திலிருந்து எழுந்து, படம் எடுத்து, அனுப்பிவிட்டு மறுபடி தூங்க அரை நிமிடம் என்று வைத்தால், நாளுக்கு 144 படத்துக்கும் 72 நிமிடமே ஓடும். செலவு 11 வாட்-மணி, ஒரு ஆம்பியர்-மணிக்கும் கீழே. முன்பு மூன்று நாள் தாங்காத பேட்டரி இப்போது வெயிலே இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும். டேட்டாவிலும் இதே கதை. 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் வீடியோ அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி. நூறு கேபி அளவுள்ள 144 படங்களுக்கு 15 எம்பிகூட ஆகாது. சில நூறு ரூபாய் இஎஸ்பி32 கேமராப் பலகையோ, சிறிய ராஸ்பெரி பை கணினியோ இந்த வேலைக்குத் தாராளம்.

படம் வெளியே அனுப்பப்படுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் செல்போன் நிறுவனங்கள் பொதுவாக ஒரு பொது இணைய முகவரியைப் பல சிம்களுக்குப் பகிர்ந்துவிடுவதால், வெளியிலிருந்து கேமராவை நேரடியாக அழைக்க முடிவதில்லை. கேமராவே படத்தைத் தள்ளிவிட்டால் அந்தச் சிக்கலே எழாது. வெளியிலிருந்து நுழையும் கதவைத் திறந்து வைக்கவும் தேவையில்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத இணையக் கேமரா உள்ளிட்ட கருவிகளை லட்சக்கணக்கில் கைப்பற்றியது. மலிவுக் கேமரா வாங்குகிற ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி அது. கடவுச்சொல்லை மாற்றுவது முதல் நாள் வேலை.

எச்சரிக்கை மணி விஷயத்தில் கேமரா தடுமாறுகிறது. நிலத்தில் இருக்கும் வீட்டுக்காகச் செய்யப்பட்ட அசைவுணர்வு, எல்லாமே அசையும் தண்ணீரில் குழம்பிப்போகிறது. அலையின் மினுக்கம், படகின் ஆட்டம், வந்து உட்காரும் காக்கை, இரவில் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றும் பூச்சி, மழைத்துளி எல்லாமே ‘ஆள் வந்தான்’ என்று செய்தியாகும். முதல் வாரம் எழுந்து பார்ப்போம். அடுத்த வாரம் ஒலியை நிறுத்திவிடுவோம். திருடன் வரும் நாளில் அந்த மணி யார் காதிலும் விழாது. உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சார் கொஞ்சம் மேல், அதையும் தண்ணீர்ப் பக்கம் திருப்பாமல் கேபின் கதவை நோக்கி வைத்தால். கதவில் ஒரு காந்த சுவிட்ச் அதைவிட மேல். மிக மலிவு, பொய் சொல்வது அபூர்வம்.

உப்பு இன்னொரு எதிரி. பெட்டியில் ‘ஐபி 66’ என்று போட்டிருப்பது தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாது என்பதற்கான சான்று. உப்புக்காற்றில் திருகும் இணைப்பும் எத்தனை காலம் அரிக்காமல் இருக்கும் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. லென்ஸின் மேல் உப்பு படிந்துவிட்டால் இரவில் அகச்சிவப்பு ஒளி அதிலேயே பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளை மூட்டமாகும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அடிக்கடி துடைக்க ஆள் வேண்டும். ‘தொலைவிலிருந்து கண்காணிப்பு’ என்ற ஏற்பாடே, அருகில் ஒருவர் இருந்தால்தான் ஓடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஆபத்து தொடங்கும் இடத்தைக் கேமரா பார்ப்பதில்லை என்பது. தண்ணீர் அடித்தட்டில் ஏறுகிறது. கேமரா மேல்தளத்தைப் பார்க்கிறது. படகு தாழ்வது படத்தில் தெரியும் நேரத்தில் இன்ஜின் அறை பாதி நிறைந்திருக்கும். செய்தி அனுப்பும் கருவியோடு இணைத்த சில நூறு ரூபாய் மிதவை சுவிட்ச் ஒன்று, தண்ணீர் ஒரு சாண் ஏறியதுமே செய்தி அனுப்பிவிடும். நங்கூரம் இழுபடுவதும் அப்படித்தான். 25 மீட்டர் கயிறு விட்ட 12 மீட்டர் படகு நங்கூரத்தைச் சுற்றி 37 மீட்டர் வரை ஆடலாம். ஜிபிஎஸ் பிழைக்கு 5 மீட்டர், கொஞ்சம் இடம் சேர்த்து 45 மீட்டரில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், படகு அதைத் தாண்டிய உடனே தெரிந்துவிடும். இருட்டில், மழையில், லென்ஸ் மூடிக்கிடக்கும்போதும் இந்த இரண்டும் வேலை செய்யும். எனவே வாங்கும் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் மிதவை சுவிட்ச், அடுத்து இட எச்சரிக்கை, மூன்றாவதாகக் கேமரா. முதல் இரண்டும் ஏதோ தவறு என்று கூப்பிடும். என்ன தவறு என்று கேமரா காட்டும்.

புயலின் போது என்ன நடக்கும் என்பதையும் நேராகப் பேச வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல ஊர்களில் செல்போன் கோபுரங்கள் ஊமையாயின. மிக அவசியமான இரவில் எந்தப் படமும் வராது. அதனால் கேமராவைப் புயலுக்கு முன்னால் பயன்படுத்தப் பழக வேண்டும். கூண்டு ஏறியதும் கயிறுகளைப் பார்த்து, பாம்பன்காரர்கள் காற்றின் திசை பார்த்துப் படகை வடகடலிலிருந்து தென்கடலுக்கும் அங்கிருந்து இங்கும் மாற்றிக் கட்டுவதுபோல, நேரமிருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும்.

இதிலிருந்து வடிவமைப்புக்கு ஒரு பாடம் கிடைக்கிறது: மௌனமும் ஒரு செய்தியாக வேண்டும். பெரும்பாலான ஆப்கள் ஏதாவது நடந்தால் மட்டும் சொல்கின்றன. பேட்டரி செத்தாலும் கேமராவைத் திருடினாலும் அவை பேசுவதில்லை. உரிமையாளர் ‘எல்லாம் நலம்’ என்று தூங்குகிறார். பத்து நிமிடப் படம் மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால் படங்களைப் பெறும் கரைக் கணினி தானே மணியடிக்கும்படி அமைத்துவிட்டால் இந்தப் பொய் நிம்மதி போய்விடும். மலிவான அமைப்பில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த ஒரு அம்சத்தைத்தான். இதற்குக் கூடுதல் செலவும் கிடையாது.

படங்கள் கரையில் சேமிக்கப்படுவதும் முக்கியம். மெமரி கார்டு மட்டும் இருந்தால் கேமராவோடு சாட்சியும் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. கேமராவின் நேரம் சரியாக இருப்பதும், மூலக் கோப்பு திருத்தப்படாமல் இருப்பதும் எவ்வளவு அருமை என்பது அப்போதுதான் தெரியும்.

கடைசிக் கேள்வி, மணி அடித்த பிறகு படகுக்குப் போவது யார்? நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் செல்போனில் மூழ்கும் படகு தெரிந்து என்ன பயன்? துறைமுகத்தில் இரவுக் காவல் பார்ப்பவர், பக்கத்துப் படகின் டிரைவர், ஜெட்டிக்கு அருகில் குடியிருக்கும் உறவினர் என்று அரை மணிக்குள் படகில் ஏறக்கூடிய இரண்டு பேர் எண்ணாவது அந்த எச்சரிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும். கேமரா வந்துவிட்டது என்று காவலாளியை நிறுத்துகிறவர், ஆபத்தைப் பார்க்கும் வசதியை வாங்கி, அதைத் தடுக்கும் கையை இழக்கிறார். மாறாக, பத்துப் படகுக்காரர்கள் சேர்ந்து கரையில் ஒரு நல்ல கேமராவும், படகுக்கு ஒரு மிதவை சுவிட்சும், எல்லா எச்சரிக்கையும் போய்ச் சேரும் ஒரு காவலாளிக்குச் சம்பளமும் என்று பங்குபோட்டால் செலவு பத்துப் பேர் மேல் பிரியும்; காவலோ பல மடங்கு உறுதியாகும். மீனவர் சங்கங்கள் அடுத்த தடைக்காலத்துக்குள் எடுத்துச் செய்யக்கூடிய வேலை இது. பொதுக் கேமரா யார் வீட்டு வாசலையும் ஜன்னலையும் பார்க்கக் கூடாது, பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும் அதே கூட்டத்தில் பேசி எழுதி வைத்துவிட வேண்டும்.