பத்து சதவீதம் யார் கையிலிருந்து வருகிறது?

மண்ணையும் நீரையும் காக்கும் வேலைக்கு முழுச் செலவையும் அரசே ஏற்கலாமா, பயன்பெறும் உழவரும் ஒரு பங்கு போட வேண்டுமா? திட்டம் தோறும் இதற்கு வேறுவேறு விடை. ஏரி, வாய்க்கால்களைச் சீரமைக்கும் குடிமராமத்தில், அவற்றின் பாசனத்தில் நிலமுள்ள ஆயக்கட்டுதாரர் பத்து சதவீதம் தர வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்தில் சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம். மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஒரே ஓடைக்கு மழைநீர் வடியும் பரப்பை ஒன்றாகக் காக்கும் நீர்வடிப்பகுதித் திட்டத்தில் சொந்த நிலத்தில் செய்யும் வேலைக்குப் பத்து அல்லது ஐந்து சதவீதம். இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் கோணல் விழுகிறது என்பது புலப்படும்.

பங்கீடு என்ற கொள்கையில் நியாயம் இருக்கிறது. மேட்டு நிலத்துக்காரர் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டால் அவர் நிலத்தின் மேல்மண் தங்கும். கீழே இருப்பவரின் கிணற்றில் ஊற்றும் கூடும். அதற்கும் கீழே உள்ள ஏரியில் வண்டல் சேர்வதும் குறையும். பலன் ஊருக்கே போகும்போது செலவை ஒருவர் தலையில் கட்டுவது முறையல்ல. அதனால்தான் பொதுப்பணம் வருகிறது. வரப்பு எங்கே போக வேண்டும், கலிங்கு எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று நின்று பார்க்க நிலத்துக்காரருக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அதற்குத்தான் அவர் பங்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் சராசரி நில உடைமை 0.75 எக்டேர், உடைமைகளில் 93 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுடையவை. மானியம் இல்லாமல் இவர்களால் பாதுகாப்பு வேலையைத் தொடவே முடியாது.

குடிமராமத்தை எடுத்துக்கொள்வோம். ஊரார் கூடி வாய்க்காலைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தும் பழைய வழக்கம் இது. வழக்கம் தளர்ந்ததும் 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டு வந்தார்கள். சட்டத்தால் அந்தப் பழக்கத்தை மீட்க முடியவில்லை. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டத்தைத் திரும்பக் கொண்டு வந்தது. ஒப்பந்தப்புள்ளி கோராமல், பதிவுசெய்த ஆயக்கட்டுதாரர் சங்கத்திடமே வேலையைக் கொடுப்பது. மதிப்பீட்டில் பத்து சதவீதத்தைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ சங்கம் தருவது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அந்த ஏரித் தண்ணீரில் நெல் நடுகிறவருக்கே மதகு எங்கே ஒழுகுகிறது, வரத்துக் கால்வாய் எந்த இடத்தில் ஆக்கிரமிப்பில் அடைபட்டிருக்கிறது என்று தெரியும்.

நடைமுறையில் பல ஊர்களில் எழுந்த குற்றச்சாட்டு வேறு: சங்கம் பெயருக்கு இருக்கும், வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும். அப்படிப் போகும் இடத்தில் பத்து சதவீதம் எங்கிருந்து வரும்? மதிப்பீட்டிலேயே கரைந்துவிடும். வெட்டாத மண்ணாகவோ, மெலிந்த கரையாகவோ அது ஏரியின் கணக்கிலேயே கழிந்துபோகும். உழவர் பங்கு என்று கோப்பில் இருக்கும்; உழவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய்கூட நகர்ந்திருக்காது. இன்னொரு குறையும் உண்டு. ஆயக்கட்டுதாரர் என்றால் நிலம் உள்ளவர். ஏரியில் மீன் பிடிப்பவர், ஆடுமாடு ஓட்டுபவர், கூலிக்கு நடவு நடும் பெண் ஆகியோருக்குச் சங்கத்தில் இடம் இல்லை. ஏரியை நம்பி வாழ்கிறவர்களில் ஒரு பகுதி, அதைப் பற்றிய முடிவுக்கு வெளியே நிற்கிறது.

சொட்டுநீரில் கதை தலைகீழ். அங்கே சிறு விவசாயியின் பங்கு பூஜ்ஜியம். கையில் காசில்லாதவரின் வயலுக்கும் குழாய் வந்து சேர்ந்தது இதனால்தான். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சிக்கல் குழாய் பதித்த பிறகு தொடங்குகிறது. உப்புத் தண்ணீர் ஊறும் கிணறு என்றால் சொட்டுவானின் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். பக்கக் குழாய்களின் நுனி மூடியைத் திறந்து அவ்வப்போது கசடை வெளியேற்ற வேண்டும். உப்புக்கு அமிலம் விட வேண்டும், பாசிக்குக் குளோரின் விட வேண்டும். எலியும் அணிலும் கடித்த இடத்தில் ஒட்டுப் போட வேண்டும். இதையெல்லாம் குழாய் பதிக்கும் நாளில் அரை மணி நேரம் சொல்லிவிட்டுப் போனால் மனதில் நிற்காது. அடைப்பு வருவது ஒரு பருவம் கழித்து. அப்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. சில வயல்களில் குழாயைச் சுருட்டி மோட்டார் அறையில் போட்டுவிட்டு, பழையபடி வாய்க்காலில் பாய்ச்சுவதற்கு இதுவே காரணம். உழவருக்கு அக்கறை இல்லை என்று பழி போடுவது எளிது. பொருளுக்குப் பணம் ஒதுக்கியவர்கள் பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பதில் போதிய கவனம் வைக்காததே மூலக் குறை.

இன்னொன்றும் இருக்கிறது. விவசாய மின்சாரம் இலவசமாக இருக்கும் மாநிலத்தில், சொட்டுநீரால் மிச்சமாகும் தண்ணீர் நிலத்தடியிலேயே தங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மிச்சத்தை வைத்து இன்னும் ஓர் ஏக்கர் வாழையோ கரும்போ போடத் தோன்றுவது இயல்பு. தனி வயலின் சிக்கனம் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை உயர்த்த வேண்டுமென்றால், எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்று ஊர் கூடிப் பேச வேண்டும். எந்த மானியப் படிவத்திலும் அதற்கு இடமில்லை.

மூன்றாவது ஏற்பாட்டில்தான் எனக்கு நம்பிக்கை. நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான 2008ஆம் ஆண்டுப் பொது வழிகாட்டு நெறிகள், சொந்த நிலத்தில் நடக்கும் மண், நீர்ப் பாதுகாப்பு வேலைக்குப் பத்து சதவீதமும், பட்டியல் சாதி, பழங்குடி, சிறு, குறு விவசாயிகளுக்கு ஐந்து சதவீதமும் பங்களிப்பு கேட்டன. அந்தத் தொகை செலவில் கழிக்கப்படுவதில்லை. ஊரின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதியில் சேர்கிறது. உழைப்பாகத் தந்தால் அதன் மதிப்பைத் திட்டக் கணக்கிலிருந்து அந்த நிதிக்கு மாற்ற வேண்டும். திட்டம் முடிந்த பின் பொதுத் தடுப்பணையில் விரிசல் விட்டால், கசிவுநீர்க் குட்டையின் கரை உடைந்தால், ஊரிடமே பணம் இருக்கும். நிதியில் பாதியாவது பொதுச் சொத்துகளின் பராமரிப்புக்கு என்று நெறிகளே ஒதுக்கி வைத்தன.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. நிலத்துக்காரர் தர வேண்டிய பங்கை, வரப்பு வெட்டிய கூலியாள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் புகாராக வந்தது. வரப்பு ஒருவருக்கு, அதன் பங்கு இன்னொருவரின் வயிற்றிலிருந்து. திட்ட அலுவலர்கள் போன பிறகு நிதி வங்கிக் கணக்கில் அசையாமல் கிடப்பதும் நடக்கிறது. ஆனாலும் இந்தக் குறைகள் செயல்பாட்டில் உள்ளவை. கணக்கைத் திறந்து வைத்தால் திருத்திவிடலாம். குடிமராமத்தின் குறை அமைப்பிலேயே இருக்கிறது: பங்கு கொடுத்த உடனே செலவாகி மறைந்துவிடுகிறது. ஆறு வருடம் கழித்துக் கரை உடையும்போது அந்தப் பத்து சதவீதம் யாருக்கும் உதவாது.

ஆகவே பத்தா, ஐந்தா, பூஜ்ஜியமா என்ற சண்டை இரண்டாம்பட்சம். பங்கு யார் கையிலிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். குடிமராமத்தின் பத்து சதவீதத்தை அந்தந்த ஏரியின் பராமரிப்பு நிதியாக ஊர்க் கணக்கில் போட வேண்டும். சொட்டுநீர் மானியத்தோடு குறைந்தது மூன்று பருவத்துக்குப் பழுது பார்க்கும் பயிற்சியையும் சேர்க்க வேண்டும். நிலமில்லாதவருக்கும் சங்கத்தில் வாக்கு தர வேண்டும். உங்கள் ஊர் ஏரியில் வேலை நடந்ததைச் சொல்லும் பலகை நிற்கிறதா? அடுத்த கிராமசபையில் எழுந்து, உழவர் பங்கைக் கட்டியது யார், ரசீது எங்கே என்று கேளுங்கள்.