எவ்வளவு கொடுக்கும்?

கார் வாங்கப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி, 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?' அடுத்தது, 'ஏ.சி. போட்டா மேடு ஏறுமா சார்?' புகையைப் பற்றிக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. அதுக்குத்தான் சர்ட்டிபிகேட் இருக்கே! 2015-ல் மாட்டிக்கொண்ட ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள், சோதனையின்போது மட்டும் புகையை அடக்கி வாசித்தன. வாங்கியவர்கள் கேட்டால்தானே!

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலை திறந்தார்கள். இந்த காருக்குப் புகைக்குழாயே கிடையாது. நல்லது. ஆனால், அதே ஊர்த் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியை எரித்துத்தான் பக்கத்து அனல் மின் நிலையம் ஓடுகிறது. மொத்தக் கணக்கில் பெட்ரோல் காரைவிட கார்பன் குறைவுதான், மறுக்கவில்லை. நம் கேள்விதான் மாறவில்லை: 'ஒரு சார்ஜுக்கு எவ்வளவு கொடுக்கும்?' விற்பவர்கள், அந்தக் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மின் நிலையப் புகையையும் சேர்த்து கிராம் கணக்கில் ஒரு வரி அச்சிடலாம். தாளில் இடம் இருக்கிறது.